சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

அறந்தாங்கிப் பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. கம்பி கட்டுவதில் தொடங்கி சூப்பர்வைசராக முடித்தேன். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருப்பதால், பேப்பர் பிரிண்ட் எடுக்க வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"வொர்க் பெர்மிட்டும் விசாவும் ஒண்ணுதானே அண்ணே?"

ஊர்ப்பேச்சில் எல்லாமே விசாதான். வொர்க் பெர்மிட் என்பது ஒரு குறிப்பிட்ட கம்பெனியில், ஒரு குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செய்ய அந்த அரசு தரும் அனுமதி. பெரும்பாலும் இரண்டு வருஷம். விண்ணப்பம் போடுவது கம்பெனி. மனிதவள அமைச்சு முதலில் ஐ.பி.ஏ. என்ற முன் அனுமதிக் கடிதம் கொடுக்கும். அதை வைத்துத்தான் விமானம் ஏறுவீர்கள். அங்கே போய் மெடிக்கல், கைரேகை எல்லாம் முடிந்தபிறகுதான் கார்டு கைக்கு வரும். கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை வேலை) ஆகிய மூன்று துறைகளில் மட்டும் இப்படி 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் கம்பெனி 5,000 வெள்ளி பிணை காட்ட வேண்டும். வேலை முடிந்து நீங்கள் ஊர் திரும்பினால்தான் அந்தப் பிணை விடுபடும். நீங்கள் காணாமல் போனால் அது கம்பெனியின் தலையில் விடியும். கார்டில் இருப்பது உங்கள் படம், கடிவாளம் கம்பெனி கையில். மற்ற பதில்களில் பாதி இதிலிருந்துதான் வரும்.

"டெஸ்ட் அடிச்சாத்தான் போக முடியுமா?"

கட்டுமானத்துக்கு ஆமாம். அங்குள்ள கட்டட ஆணையம் ஏற்றுக்கொண்ட திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதற்கு இந்தியாவிலேயே மையங்கள் உண்டு. தேர்வுக் கட்டணம் பெரிதில்லை. சென்டரில் தங்கிப் பயிற்சி எடுப்பது, 'சீட்' வாங்குவது, நடுவில் இருக்கும் ஆளுக்குக் கொடுப்பது என்றுதான் பணம் கரையும். தேறிவிட்டால் வேலை நிச்சயம் என்று சென்டர்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அது தகுதி மட்டும்தான். வேலை கம்பெனி கொடுத்தால்தான் உண்டு.

"ஏஜெண்ட் மாசம் 45,000 ரூபாய்னு சொன்னார். ஐ.பி.ஏ.வுல 468 வெள்ளினு போட்டிருக்கு. ஏமாத்துறாங்களா?"

ஏமாற்று என்று சொல்ல முடியாது, முழு உண்மையும் இல்லை. நாளைக்கு 18 வெள்ளி பேசிக் என்றால், 26 நாளுக்கு 468. இது அடிப்படைச் சம்பளம். 45,000 என்று ஏஜெண்ட் சொன்னது ஓ.டி.யை, அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளத்தை, சேர்த்த கணக்கு.

ஓ.டி.க்குச் சட்டத்தில் ஒரு சூத்திரம் உண்டு. மாதப் பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்ற கணக்கில் 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். 468 வெள்ளிக்கு அது சுமார் 2.45. ஓ.டி. அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 3.68. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது என்பது பொது விதி. முழுசாகப் பார்த்தால் 265 வெள்ளி. மொத்தம் 733. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 47,000 சொச்சம். ஏஜெண்ட் சொன்னது சரியாகிவிட்டது, இல்லையா? ஆனால் மழை பெய்து சைட் நின்றால் ஓ.டி. இல்லை. புது வேலை வரும்வரை சும்மா இருந்தால் ஓ.டி. இல்லை. கம்பெனி சட்டப்படி பொறுப்பேற்பது கடிதத்தில் இருக்கிற தொகைக்குத்தான். கேட்டரிங் சாப்பாட்டுக்கு 140, கைச்செலவுக்கும் போனுக்கும் 50 என்று எடுத்துவிட்டால், நல்ல மாதத்தில் வீட்டுக்கு வருவது 540 வெள்ளி, 35,000 ரூபாய்.

அந்தக் கடிதத்தில் பேசிக், அலவன்ஸ், பிடித்தம், தங்குமிடம் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த மொழியில், நீங்கள் கிளம்பும் முன்பே அதைத் தர வேண்டும் என்பது விதி. தமிழில் வரும். என் கடையில் பிரிண்ட் எடுப்பவர்களில் பாதிப்பேர் பேரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைக்கிறார்கள். பிடித்தம் என்ற வரியைப் படியுங்கள், தம்பி. பிறகு குறைக்க வேண்டுமென்றால் உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

"மூணு லட்சம் கட்டிப் போனா எப்ப மீளலாம்?"

மேலே சொன்ன 35,000-த்தையே வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம், இரண்டு ரூபாய் வட்டி. முதல் மாதம் வட்டி மட்டும் 6,000. வீட்டுச் செலவுக்கு 12,000 போக 23,000 கடனுக்குப் போனால், எல்லா மாதமும் முழு ஓ.டி. கிடைத்து, யாருக்கும் உடம்புக்கு வராமல் இருந்தால், அடைக்கப் பதினைந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதாவது இரண்டு வருஷ பெர்மிட்டில் உங்களுக்காக உழைப்பது எட்டு ஒன்பது மாதம்தான். ஆறாவது மாதத்தில் கம்பெனி பெர்மிட்டை கேன்சல் செய்தால்? அப்போதும் 1,93,000 ரூபாய் கடன் நிற்கும். கையில் வேலை இருக்காது.

இந்தத் திட்டத்தைப் பற்றிய சர்ச்சைகளில் பெரியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சம்பளம் குறைவு என்பது இதற்கு அடுத்ததுதான். கடன் இல்லாதவன் 'இந்த வேலை ஆபத்து, செய்யமாட்டேன்' என்று சொல்லிவிடலாம். கடன் உள்ளவன் கயிறு இல்லாமலே சாரத்தில் ஏறுவான். நானே ஏறியிருக்கிறேன்.

சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள ஏஜெண்ட் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். நம் 468 கணக்கில் 936 வெள்ளி, 61,000 ரூபாய் கூட வராது. மீதி எங்கே போகிறது? பெரும்பகுதி இந்தப் பக்கத்துத் தரகர்களிடம். அந்த நாட்டுச் சட்டம் இங்கே எட்டாது. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜெண்டுக்கு 30,000 ரூபாயும் வரியும்தான் உச்சவரம்பு. நம் ஊரில் அந்தத் தொகைக்கு யாராவது அனுப்பினார் என்றால் கையெடுத்துக் கும்பிடலாம்.

"பாஸ்போர்ட்டை கம்பெனியில வாங்கி வச்சுக்குவாங்களாமே?"

கூடாது. அது உங்களுடையது. 'பத்திரமாக வைக்கிறோம்' என்று கேட்டால், எனக்கும் பெட்டியும் பூட்டும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

"கம்பெனி பிடிக்கலைனா வேற கம்பெனிக்கு மாறலாமா?"

பெர்மிட் நடப்பில் இருக்கும்போது பழைய கம்பெனி ஒத்துக்கொண்டால் மாறலாம். கட்டுமானத்தில் ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறார்கள்: பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும்வரை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதுக் கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த இருபது நாள் பலருக்குத் தெரியாது. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஆனால் கம்பெனி நினைத்தால் எந்த நாளிலும் பெர்மிட்டை கேன்சல் செய்யலாம். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். நீங்கள் போக ஒரு ஜன்னல், அவர்கள் அனுப்ப வாசல் முழுக்க. விமானச் செலவு கம்பெனியுடையது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

"ரினியூவலுக்கு ஆயிரம் வெள்ளி கேக்குறாங்க. எஸ் பாஸ்காரங்ககிட்ட பாதிச் சம்பளத்தைத் திருப்பி வாங்குறாங்க. எல்லாரும் பண்றதுதானே?"

எல்லாரும் செய்தாலும் குற்றம் குற்றம்தான். வேலை கொடுக்கவோ தொடரவோ தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். எஸ் பாஸ் என்பது வொர்க் பெர்மிட்டுக்கு ஒரு படி மேலே, நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி. அதன் கதை இன்னும் மோசம். 2025 செப்டம்பரிலிருந்து புது எஸ் பாஸுக்குக் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் காட்ட வேண்டும். கணக்கில் அவ்வளவும் போட்டு, மறுநாள் ஏ.டி.எம்.மில் எடுத்துக் கையில் கொடுக்கச் சொன்னால், அரசிடம் பொய் சொன்னதற்கு நீங்களும் உடந்தை. பிடிபட்டால் மறுபடி அந்த நாட்டுக்குள் கால் வைப்பது கஷ்டம்.

நான் வேலை பார்த்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றில் ரினியூவலுக்கு வாங்கினார்கள். கொடுத்தேன். அப்போது என் தலையில் இருந்த கடன் அப்படி.

"நம்ம பேர்ல கம்பெனி அரசாங்கத்துக்கு மாசாமாசம் லெவி கட்டுதாமே, அதை நமக்கே குடுத்தா என்ன?"

நல்ல கேள்வி. அங்கே பொருளாதாரம் படித்தவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு லெவி, திறன் கூடியவருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறனுக்கு 900. மேலே பார்த்த 468 வெள்ளி பேசிக்கைவிட இரண்டுமே அதிகம். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

அரசு சொல்லும் காரணம் இது: லெவி இல்லாவிட்டால் வெளிநாட்டு ஆள் மிக மலிவாகிவிடுவார், கம்பெனிகள் இயந்திரம் வாங்காமல் ஆளைக் குவிப்பார்கள், உள்ளூர்க்காரர் சம்பளம் விழும். எதிர்த்தரப்பு சொல்வது: ஆளை விலை கூட்ட வேண்டும் என்றால் அந்தத் தொகையைச் சம்பளமாகவே ஏற்றிவிடலாமே, கம்பெனிக்கு அதே செலவு, தொழிலாளிக்குக் கடன் சீக்கிரம் தீரும். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சம்பளம் இரண்டு மடங்கானால் நம் ஊர்த் தரகர் கேட்கும் தொகையும் ஏறும். அதைக் கட்டுப்படுத்தாமல் சம்பளத்தை மட்டும் ஏற்றினால் பணம் அவர் வீட்டு மாடியாகத்தான் எழும்பும்.

"நாம போறதாலதான் அந்த ஊர்க்காரங்களுக்குச் சம்பளம் ஏறலையா?"

கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெயிலில் கம்பி கட்ட அந்த நாட்டு இளைஞர்கள் வருவதில்லை. 'அவர்கள் வராததால் நாம் போகிறோம்' என்று ஒரு பக்கம், 'நாம் போவதால் சம்பளம் இந்த அளவிலேயே நிற்கிறது, அதனால் அவர்கள் வருவதில்லை' என்று இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று துரத்துகிறது. துப்புரவு போன்ற வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்குப் படிப்படியாக ஏறும் ஊதிய ஏற்பாடு உண்டு. வொர்க் பெர்மிட்காரருக்கு அது பொருந்தாது, குறைந்தபட்சச் சம்பளமும் கிடையாது. எண்ணிக்கைக்கும் கடிவாளம் உண்டு. ஒரு உள்ளூர் ஆளுக்கு ஏழு வெளிநாட்டு ஆள் என்றிருந்ததை 2024-ல் கட்டுமானத்தில் ஐந்தாகக் குறைத்தார்கள்.

அந்த நாட்டுக்கு என்ன லாபம் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுக்குமாடி வீடுகள், சுரங்க ரயில், விமான நிலையம், எல்லாவற்றிலும் நம் ஆட்கள் கை இருக்கிறது. நமக்கு லாபம் என்பதையும் பார்க்கலாம். பேராவூரணி ரோட்டில் வரிசையாக நிற்கும் மாடி வீடுகளைப் பாருங்கள்.

"டாமிட்டரியில மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்குமாமே? லாரியிலதான் ஏத்திட்டுப் போவாங்களாமே?"

பழைய டாமிட்டரிகளில், அதாவது தொழிலாளர் விடுதிகளில், ஒரு அறைக்குப் பன்னிரண்டு பதினாறு பேர் என்று இருந்திருக்கிறோம். கழிவறைக்கு வரிசை, சமைக்க வரிசை, துணி காயப்போட இடத்துக்குச் சண்டை. 2020 ஏப்ரலில் கொரோனா நுழைந்ததும் இதன் விலை தெரிந்தது. டாமிட்டரிகளில் இருந்த மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு வருஷக் கடைசிக்குள் தொற்று வந்துவிட்டது. பெரும்பாலும் இளைஞர்கள் என்பதால் சாவு மிகக் குறைவு. ஆனால் ஊர் திறந்தபிறகும் இவர்களுக்கு மட்டும் வெளியே போக அனுமதிச் சீட்டு என்பது 2022 வரை நீடித்தது. அப்புறம் விதிகள் மாறின. புதிதாகக் கட்டும் டாமிட்டரிகளில் அறைக்கு 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். மருத்துவக் காப்பீடும் 2023 ஜூலையிலிருந்து 15,000 வெள்ளியிலிருந்து 60,000-ஆக ஏறியது.

லாரி விஷயம் இன்னும் தீரவில்லை. பின்னால் தகரத்தில் உட்கார்ந்து போவது அங்கே சட்டப்படி அனுமதி. விபத்து நடக்கும்போதெல்லாம் 'பஸ் விடுங்கள்' என்று நாடாளுமன்றம் வரை பேச்சு வரும். கம்பெனிகளுக்குச் செலவு, அவ்வளவு பஸ்ஸுக்கு ஓட்டுநர் இல்லை என்று நிற்கும். சாமான் ஏற்றுகிற வண்டியில் ஆளை ஏற்றுவதற்கு எந்த விளக்கம் சொன்னாலும் எனக்கு ஒப்பவில்லை. மழை நாளில் தார்ப்பாயைக் கையால் பிடித்துக்கொண்டே போன முழங்கை வலி இன்னும் இருக்கிறது.

"வேலையில அடிபட்டா ஊருக்கு ஏத்திவிட்டுருவாங்களா?"

ஏற்றிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. போகாதீர்கள். வேலையிட விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் அங்கே வலுவானது. தப்பு உங்களுடையதா கம்பெனியுடையதா என்று பார்க்காமலே மருத்துவச் செலவும், எம்.சி. (டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சம்பளமும், நிரந்தரப் பாதிப்பு இருந்தால் மொத்தத் தொகையும் உண்டு. எம்.சி. சம்பளம் பேசிக்கை மட்டும் வைத்து இல்லை, ஓ.டி. சேர்ந்த சராசரியை வைத்து. மூன்றாவது கேள்வியில் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள், வித்தியாசம் புரியும்.

விபத்து நடந்த ஒரு வருஷத்துக்குள் கோர வேண்டும். பெர்மிட்டை கேன்சல் செய்தாலும், கேஸ் முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அதில் பொதுவாக வேலை செய்ய முடியாது. சம்பளம் இல்லாமல் காத்திருப்பதுதான் கொடுமை. அந்த நாட்களில் பலருக்குச் சோறு போட்டது தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் தொண்டு அமைப்புகள்தான். டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ, ஹோம் ஆகிய இரண்டு பேரையும் நினைவில் வையுங்கள்.

"சம்பளம் ஒழுங்கா வரலைனா எங்க போய்ச் சொல்றது?"

டாமிட்டரியில் இருப்பவர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து வங்கிக் கணக்கில்தான் சம்பளம் போட வேண்டும். அதனால் பழைய தகராறுகளில் சில குறைந்தன. மீதிக்கு முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியில் மனு கொடுக்கலாம். ஊழியர்கள் டாடம் என்பார்கள். வேலையை விட்டபிறகு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் சைட் பேர், வந்த மணி, போன மணி எழுதுங்கள். என்னுடன் இருந்த ஒருவர், ஓ.டி. மணி நேரத்தைச் சிகரெட் அட்டையில் எழுதி வந்தார். அதிகாரி அந்த அட்டைகளைத் தேதி வாரியாக மேஜையில் அடுக்கிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பணம் வந்தது.

"துபாய், கத்தார் போறதைவிட சிங்கப்பூர் மேலா?"

சம்பளத்தைத் தேடி இந்தக் கேள்வி கேட்கிறீர்கள், நான் வேறு பக்கம் பார்க்கிறேன். வளைகுடாவில் பல இடங்களில் கஃபாலா என்ற முறையில் ஸ்பான்சர், அதாவது வேலைக்கு எடுத்த முதலாளி, பிடி இறுக்கம். கத்தார் உலகக் கோப்பைக்கு முன்னால் நெருக்கடி வந்து, 2020-ல் கம்பெனி மாற என்.ஓ.சி. வேண்டாம் என்றது, 2021-ல் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் வைத்தது. சிங்கப்பூரில் சட்டம் எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் நடக்கும், அரசு அலுவலகத்தில் தமிழும் எடுபடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் வளைகுடா மேல். பத்தாவது தேறாதவர்கள் போகும்போது இந்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகள் பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உண்டு. சிங்கப்பூர் இல்லை. அதனால் நம் அரசின் கண்ணில் படாமலே ஆட்கள் போகிறார்கள், தரகர் வைத்ததே விலை.

"பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாமா? பத்து வருஷம் இருந்தா பி.ஆர். கிடைக்குமா?"

இரண்டுக்கும் இல்லை. பி.ஆர். என்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, அது வொர்க் பெர்மிட்காரருக்குக் கிடையாது. குடும்பத்தைக் கூட்டிப்போகும் பாஸுக்கு மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். அந்த நாட்டுப் பெண்ணையோ பி.ஆர். வைத்திருப்பவரையோ கல்யாணம் செய்யக்கூட மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும், ஊரில் வைத்துச் செய்தாலும்.

"ரெண்டு வருஷம்னு போன எங்க வீட்டுக்காரர் பன்னெண்டு வருஷமா அங்கேயே இருக்காரு. இதுல என்ன தற்காலிகம்?"

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மேற்கு ஜெர்மனி 1955-லிருந்து இத்தாலி, துருக்கி என்று ஆள் எடுத்தபோது அவர்களை விருந்தாளித் தொழிலாளி என்றுதான் அழைத்தது. 1973-ல் ஆள் எடுப்பதை நிறுத்தியது. விருந்தாளிகளில் பலர் போகவில்லை, குடும்பத்தை வரவழைத்துக் குடியேறிவிட்டார்கள். சிங்கப்பூர் அந்த வழியை முதலிலேயே அடைத்துவிட்டது. ஆனால் ஆளின் தேவையை அடைக்க முடியவில்லை. 2025 ஜூலையிலிருந்து, இத்தனை வருஷம்தான் இருக்கலாம் என்ற வரம்பையே எடுத்துவிட்டார்கள். வயது வரம்பும் அப்போது 63 ஆனது. இருபது வயதில் போகிறவர் நாற்பது வருஷம் தற்காலிகமாக இருக்கலாம். சேமநிதியும் கிடையாது, திரும்பும்போது கையில் இருப்பதுதான் கணக்கு.

இதைக் கேட்ட அக்கா மகனுக்கு வருமானச் சான்று எடுக்க வந்திருந்தார். விண்ணப்பத்தில் தற்காலிக முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கட்டம். கணவர் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான்கு டாமிட்டரி மாறிவிட்டார், எதை எழுதுவது என்று கேட்டார். இரண்டிலும் ஊர் முகவரியையே போடச் சொன்னேன்.